ஏழு இருபது வண்டியின் ஆறாவது பாட்டு

அழைப்பு மணி என்று நினைத்துத்தான் தாமரைச்செல்வி அந்தப் பித்தானை அழுத்தினாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பேருந்து அலறியது.

சாதாரண அலறல் இல்லை. மலைப்பாதை வளைவில் எதிரே லாரியைக் கண்ட ஓட்டுநர் அடிப்பாரே, அந்த ஏர் ஹாரன். தோளில் தொங்கிய கருவிப்பை நழுவி முழங்கையில் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. படியோரம் படுத்திருந்த நாய் மட்டும் கண்ணைத் திறக்காமல் வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் சிரித்தார்.

"பயந்துட்டீங்களா கண்ணு? அவரு ஓட்டுன வண்டியோட ஹாரனுங்க. வண்டிய ஒடைக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டு நாந்தான் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன். இந்தச் சத்தம் கேட்டா அவருக்கு மனசு தெளிஞ்சுரும்."

"இப்பவும் தெளியுதுங்களா?"

சிரிப்பு நின்றது. "தெளிஞ்சிருந்தா உங்கள எதுக்குங்க கூப்புடறேன்?"

அந்த 'அவர்' வீட்டுக்குள் இல்லை. காம்பவுண்டு சுவரோரம் முருங்கை மரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பெயர் சென்னியப்பன். வயது அறுபத்தொன்று. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே தனியார் பேருந்து ஓட்டியவர். முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து அந்த நாற்காலிதான் அவருக்கு வீடு. ராத்திரி தூக்கமும் அதிலேயே. காரணம் கேட்டதற்கு, முன்பின் தெரியாத பொம்பளை இருக்கிற வீட்டில் தான் உள்ளே படுப்பது முறையில்லை என்றாராம். போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டபோது, "ரொம்ப நன்றிங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாராம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்மணியின் குரல் உடைந்தது.

"ஆறு வருசமா ஒரே தட்டுல சாப்புட்ட மனுசன் கண்ணு. நன்றிங்கறாரு."

தாமரைச்செல்வி குறித்துக்கொண்டாள். புகார் செய்தவர்: மனைவி. குறை: மனைவியைத் தெரியவில்லை. தொடங்கிய நேரம்: மென்பொருளின் ஏழாம் பதிப்பு இறங்கிய முந்தாநாள் மாலை நாலு மணி.

அது அன்றைக்கு அவளுக்கு மூன்றாவது வீடு. 'இசைத்தடம்' நிறுவனத்தில் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கும் வேலை. மூளையில் அடிபட்டோ ரத்தக்கசிவு வந்தோ நினைவுகளைத் தொலைத்தவர்களுக்கு அந்த நிறுவனம் ஒரு பாட்டு நூலகம் அமைத்துக் கொடுத்தது. சொந்தப் பெயரை மறந்தவனுக்குக்கூடப் பதினெட்டு வயதில் கேட்ட பாட்டு மறப்பதில்லை. அதுதான் அந்த நிறுவனத்தின் மூலதனம். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒட்டிய ஒரு பித்தான், மூக்குக் கண்ணாடியில் கடுகளவு கேமரா. கேமரா ஒரு முகத்தைப் பார்த்ததும், அந்த முகத்துக்கென்று வைத்த பாட்டு எலும்புக்குள் நாலு விநாடி ஓடும். பாட்டு ஓடியதே அவருக்குத் தெரியாது. ஆள் மட்டும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். பயிற்சி வகுப்பில் இதை நாற்பது பக்கத்தில் சொன்னார்கள். தாமரைச்செல்வி தன் வாடிக்கையாளர்களிடம் ஒரே வரியில் சொல்வாள்: பாட்டு ஒரு கொக்கி, ஞாபகம் அதில் மாட்டின சட்டை.

ஏழாம் பதிப்பு அந்த நூலகத்தைப் பெருக்கித் துடைக்க வந்தது. இரண்டு நாளில் நாற்பது புகார்கள். பெரும்பாலும் சில்லறை விஷயம். சிங்காநல்லூரில் ஒருவர் இரண்டு மாப்பிள்ளைகளின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார். சரிசெய்யட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், நல்லாத்தான் இருக்கு என்று அவர் மனைவியே சொல்லி அனுப்பிவிட்டார்.

இங்கே அப்படி இல்லை.

"வணக்கமுங்க ஐயா. காதுல இருக்கிற மிஷின் பாக்க வந்திருக்கேன்."

"வாங்க அம்மணி." சென்னியப்பன் எழுந்து நாற்காலியை அவளுக்கு நகர்த்தினார். அவள் மறுத்தாள். அவர் விடவில்லை. கடைசியில் அவள் நாற்காலியிலும், அவர் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டிலும் உட்கார்ந்தார்கள். அவர் சட்டைப் பித்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தார். அந்நியர் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல இருந்தார், தன் வீட்டு வாசலிலேயே.

அவள் பலகைத்திரையை எடுத்து இணைப்புக் கொடுத்தாள். வழக்கமான சடங்குகள் எல்லாம் முடிந்தன. காதுப் பித்தானை அணைத்துப் போட்டாள். பாட்டு அட்டவணையை முதலிலிருந்து மறுபடி அடுக்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு முகமாகக் காட்டினாள். தம்பி? சரி. பால்காரர்? சரி. பதினாறு வருஷம் கூடவே வந்த கண்டக்டர் அங்கண்ணன்?

"அவனத் தெரியாமயா? சரியான வெடுக்குனு பேசறவன். ஆனா தங்கமானவன்."

எல்லாம் சரி. நூலகம் நலமாக இருந்தது. அப்புறம் எதற்கு இந்தப் புகார்? அவள் திரையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்க வீட்டம்மா பேரு ஞாபகம் இருக்குங்களா?"

"பூங்கொடி." உடனே வந்தது. அதே மூச்சில் அடுத்ததும் வந்தது. "தவறி அஞ்சு வருசமாச்சுங்க அம்மணி. மஞ்சக்காமாலை."

தாமரைச்செல்வியின் விரல் திரையில் அப்படியே நின்றது.

சென்னியப்பன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கெட்டை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார். குரலைத் தணித்தார்.

"அந்தம்மா ஆருன்னு உங்களுக்குத் தெரியுங்களா? நல்லவங்களாத்தான் தெரியறாங்க. எம்மேல உசுரா இருக்கறாப்புலதான் தெரியுது. ஆனா சம்சாரம் இல்லாத வீட்ல இப்படி வந்து இருந்தா ஊரு அவங்களத்தானுங்க பேசும்? நாஞ்சொன்னா மனசு சங்கடப்படுவாங்க. நீங்க பொம்பளப் புள்ள, பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

அவள் நூலகத்தில் பூங்கொடியின் படத்தைத் திறந்தாள். உருண்டை முகம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் போலிருந்தது. கதவைத் திறந்த பெண்மணி ஒல்லி, நீண்ட முகம். ஜாடைக்குக்கூட ஒற்றுமை இல்லை.

படத்துக்குக் கீழே, புதிய பதிப்பு நீக்கியவற்றின் பட்டியலில் ஒரே ஒரு வரி சிவப்பாக இருந்தது.

'பாட்டு 6: பழுது. ஒரே ஒலி, ஐந்து பெயர்கள். நீக்கப்பட்டது. இதில் மாட்டியிருந்த நினைவு: 2190 நாட்கள்.'

ஆறு வருஷம். கொக்கியோடு சேர்த்துச் சட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டது.

*

சமையலறையில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. தாமரைச்செல்வி வாசற்படியில் நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். யோசித்துப் பயனில்லை என்று தெரிந்ததும் நேராகவே கேட்டாள்.

"உங்க பேரு பூங்கொடி இல்லீங்களேம்மா?"

அந்தப் பெண்மணி திரும்பவில்லை. அடுப்பைத் தணித்தார். டீயை வடிகட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. மருந்து அளந்து பழகிய கை.

"மயிலாத்தாள்" என்றார். சொல்லிவிட்டு, வேறு யாருடைய பெயரையோ கேட்டதுபோல ஒரு கணம் நின்றார். "ஆறு வருசமாச்சு கண்ணு, இந்தப் பேர வாய்விட்டுச் சொல்லி."

பிறகு சொல்லிக்கொண்டே போனார். உடுமலையில் ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவருக்கு வேலை. சொந்த ஊர் தேக்கந்தோட்டம். தினமும் தேக்கந்தோட்டம் பிரிவு நிறுத்தத்தில் ஏழு இருபது வண்டி ஏறுவார். அப்பா படுக்கையில் கிடந்த வருஷங்களில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. அப்பா போன பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாரும் இல்லை. அந்த வண்டியை ஓட்டியவர் சென்னியப்பன். ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் கண்டக்டர் இருந்தார், ஓட்டுநரிடம் பேச என்ன இருக்கிறது? ஒன்று மட்டும் மயிலாத்தாள் கவனித்திருந்தார். மழையோ வெயிலோ, தான் நிற்கிற இடத்துக்கு நேராகப் படிக்கட்டு வந்து நிற்கும். ஒரு எட்டு முன்னே பின்னே வைக்க வேண்டியதில்லை. நல்ல ஓட்டுநர் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த ஓட்டுநரை ஒருநாள் ஸ்ட்ரெச்சரில் வைத்து மயிலாத்தாளின் ஜன்னலைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தக்கசிவு. மூன்று மாதம் ஒரு சொல் பேசவில்லை. காதுக்குப் பின்னால் பித்தான் பொருத்திப் பார்த்தார்கள், அப்போதும் பேசவில்லை. பொருத்திய நாலாம் நாள் மாத்திரையோடு மயிலாத்தாள் வார்டுக்குப் போனார். அவரைப் பார்த்ததும் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"பூங்கொடி, வந்துட்டியா?"

பக்கத்திலிருந்த தம்பி அழுதுவிட்டார். மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க என்று கெஞ்சினார்.

"வந்துட்டேன்னு சொன்னேன். அன்னிக்கு ஒருநாளைக்குத்தான்னு நெனச்சுட்டுச் சொன்னேன் கண்ணு. அடுத்த நாளும் கேட்டாரு."

ஊர் பேசியது. ஆறு மாதம் பேசிவிட்டு, வேறு ஆள் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டது. தாலி எங்கே என்று சென்னியப்பனே ஒருமுறை கேட்டார். கழுத்து அரிக்குது, கழட்டி வச்சிருக்கேன் என்றார் மயிலாத்தாள். அடுத்த நாளே அவர் கடைக்குப் போய் அரிப்புக்குக் களிம்பு வாங்கி வந்துவிட்டார். அந்தக் களிம்பு டப்பா இன்னும் அலமாரியில், பிரிக்காமல் இருந்தது. காட்டினார்.

"நேத்து என் பேரு என்னன்னு கேட்டாரு. எந்தப் பேரச் சொல்றதுன்னு தெரியாம உள்ள வந்துட்டேன்." டம்ளரை நீட்டினார். "இதுல மிஷினு செஞ்ச தப்பு என்னங்க கண்ணு?"

"மிஷின் இப்பத் தப்புச் செய்யலீங்கம்மா. ஆறு வருசத்துக்கு முன்னாடி செஞ்சது."

அவள் விளக்கினாள். நூலகத்தில் 'துணை' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பத் தம்பி ரேஷன் கார்டைப் பார்த்து விண்ணப்பம் எழுதியிருக்கிறார். கார்டில் பூங்கொடியின் பெயரை இறந்த பிறகும் யாரும் நீக்கவில்லை. யார் வீட்டில்தான் உடனே நீக்குகிறார்கள்? ஆக மென்பொருளுக்குப் பூங்கொடி உயிரோடு இருக்கிறார். ஆனால் அவர் முகம் நேரில் வரவே இல்லை. அந்தச் சமயத்தில் வார்டுக்குள் ஒரு முகம் வந்தது. அதைப் பார்த்ததும் நோயாளியின் நாடி துள்ளியது. நூலகத்துக்கு எடுத்த, அவர் வண்டியில் ஓடின பென்டிரைவுப் பாட்டுகளில் ஆறாவதும் அந்த முகமும் உடனே ஒட்டிக்கொண்டன. இதயம் துள்ளின முகம் மனைவியாகத்தான் இருக்கவேண்டும் என்று மென்பொருள் முடிவு கட்டி, கார்டில் இருந்த பெயரை உங்கள் முகத்தில் எழுதிவிட்டது. பூங்கொடி இறந்த ஞாபகத்தையும், பொருந்தவில்லை என்று மூடி வைத்துவிட்டது. இப்போது வந்த பதிப்பு ஆறாவது பாட்டைப் பழுதென்று தூக்கியதும், மூடிவைத்தது தானாகத் திறந்துகொண்டது.

"காய்ச்சல்ல துள்ளியிருக்கும்" என்றார் மயிலாத்தாள். "நாடி."

"இருக்கலாமுங்க."

"பழையபடி ஆக்க முடியாதுங்களா?"

முடியும். பதிப்பு இறங்கி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் என்றால் பழையதை அப்படியே திருப்பிப் போடலாம். இன்று நாலு மணியோடு கெடு முடிகிறது. அதற்கப்புறம் பழைய பதிப்பும், அதோடு அந்த 2190 நாளும் எங்கேயும் இருக்காது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது.

"அப்ப அந்தத் தப்பையே திருப்பிப் போட்டுக் குடுத்துருங்க கண்ணு." அவர் கெஞ்சவில்லை. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "எனக்குப் பேரெல்லாம் வேண்டாம். மத்தியானம் சாப்புட்டதும் கொஞ்ச நேரம் கதை பேசுவாரு. அது இருந்தாப் போதும்."

தாமரைச்செல்வி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். மேற்பார்வையாளர் புகாரைப் படித்துவிட்டு, மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது, புகாரை மூடிவிடு என்றார். பழையது வேண்டுமென்றால் வாடிக்கையாளரின் கைநாட்டு வேண்டும். அதற்கு முன்னால் எது வரும், எது போகும் என்று அவருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கைநாட்டு வாங்கினால் வேலை போய்விடும் என்றும் நினைவுபடுத்தினார். அதைச் சொல்லத் தேவையே இல்லை. இத்தனை வீடு ஏறி இறங்கியவளுக்குச் சொல்லாமல் வாங்க மனம் வராது.

அவள் முருங்கை மரத்தடிக்கு வந்தாள். பின்னால் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாளின் சேலை நிறம் தெரிந்தது.

மயிலாத்தாளின் பெயரை எடுக்காமல், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஆறு வருஷமாயிற்று. பூங்கொடியம்மா தவறிப் பதினோரு வருஷம். நடுவில் ஆறு வருஷம் நீங்கள் வாழ்ந்தது முந்தாநாள் அழிந்துவிட்டது. கைநாட்டு வைத்தால் அது திரும்பி வரும். ஆனால் அது வந்தால், பூங்கொடியம்மா இறந்தது உங்களுக்கு மறந்துவிடும். அவர் உயிரோடு இருப்பதாகவே நினைப்பீர்கள்.

சென்னியப்பன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் வயது தெரிகிறதா என்று தேடினார் போலிருக்கிறது.

"ஆறு வருசம் ஓடிருச்சுங்களா? வண்டியெல்லாம் இப்ப ஆரு ஓட்டறாங்க?"

"யாரும் ஓட்டறதில்லீங்க ஐயா. தானா ஓடுது."

"பாட்டு?"

"அவங்கவங்க காதுல அவங்கவங்க பாட்டு."

அவர் அதை நம்பாதவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் நாயைத் தடவிக்கொடுத்தார்.

"அந்த ஆறு வருசம் நான் நல்லா இருந்தனுங்களா அம்மணி?"

அவள் திரையில் தேடினாள். நாடி, தூக்கம், குரலின் ஏற்ற இறக்கம், எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. "தினமும் சிரிச்சிருக்கீங்க" என்றாள்.

பெருவிரலை அவர் நீட்டினார். கண்ணாடித் திரைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அது நின்றது. பின்பு மெதுவாக மடங்கிக்கொண்டது.

"எங்களுக்குக் கொழந்த குட்டி இல்லீங்க. பூங்கொடி செத்தது எனக்கே ஞாபகம் இல்லேன்னா, அப்புறம் அவளுக்கு ஆருங்க இருக்கா?"

ஜன்னலுக்குள் டம்ளர் ஒன்றை மேடையில் வைக்கும் சத்தம் கேட்டது. மிக மெதுவாக வைத்த சத்தம்.

*

மயிலாத்தாள் வெளியே வரக் கால் மணி நேரம் ஆயிற்று. முகம் கழுவியிருந்தார். தோளில் கைப்பை, கையில் மடக்கிய குடை. தாமரைச்செல்வியைத் தனியே அழைத்துப் பேசினார்.

"விட்டுருங்க கண்ணு. ஆறு வருசம் அந்தம்மா பேர்ல வாழ்ந்துட்டேன். அவங்க சாவையுமா நான் புடுங்கிக்கறது?"

தம்பிக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டார், ஐந்து மணிக்குள் வந்துவிடுவார். தேக்கந்தோட்டத்து வீடு பூட்டியே கிடக்கிறது, பெருக்கினால் இருந்துகொள்ளலாம். காலை மாத்திரை மஞ்சள் டப்பா, ராத்திரி மாத்திரை பச்சை டப்பா. ரசம் வைத்தால் பெருங்காயம் தூக்கலாகப் போட வேண்டும். இதெல்லாம் தாமரைச்செல்விக்கு எதற்கு? ஆனாலும் அவள் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

சென்னியப்பனிடம் அவர் அதிகம் பேசவில்லை. தம்பி வருவார், சோறு மூடி வைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். சென்னியப்பன் எழுந்து நின்று கைகூப்பினார். "உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டனுங்க."

"ஒரு சிரமமும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனார். வீட்டுக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தக் கம்பம். அடுத்த வண்டி நாலு இருபதுக்கு.

நாலு மணிக்குத் திரையில் சன்னமாக ஒரு 'டிங்'. பழைய பதிப்பு அழிந்துவிட்டது என்றது.

இனிப் புகாரை மூட வேண்டியதுதான். படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி: நீக்கிய பாட்டு பழுதானது எப்படி? தாமரைச்செல்வி அந்த ஐந்து பெயர்களையும் படித்துப் பார்த்தாள். 'பக்திப் பாடல் மூன்று'. 'ஹாரன் டெஸ்ட்'. 'ஜவுளிக்கடை விளம்பரம்'. 'மாரியம்மன் நோம்பி'. 'அங்கண்ணன் தொடாதே'. ஐந்தும் ஒரே பாட்டு. கோப்பு கெடவில்லை. யாரோ வேண்டுமென்றே பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

அவள் கேட்டதும் சென்னியப்பன் பக்கெட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

"அதையா எடுத்துட்டீங்க? அங்கண்ணன் சொல்லி எடுத்தீங்களா?"

"இல்லீங்க ஐயா, மிஷினே எடுத்துருச்சு."

"அவன் வேலையாத்தான் இருக்கும்." அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. தினம் தினம் அதே பாட்டா என்று சனங்கள் முணுமுணுப்பார்களாம். அங்கண்ணன் பென்டிரைவிலிருந்து அதை அழித்துவிடுவானாம். இவர் வேறு பெயரில் ஏற்றி வைப்பார். அவன் அதையும் கண்டுபிடிப்பான். கடைசியில் ஐந்து பெயரில் ஐந்து இடத்தில் ஒளித்து வைத்தாராம். ஒன்றை அழித்தால் இன்னொன்று ஓடும். சொல்லும்போது திருடி மாட்டாத பையன்போலச் சிரித்தார்.

"அத்தனை கஷ்டப்பட்டு எதுக்குங்க அதே பாட்டு?"

சிரிப்பு அடங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

"ஆறாவது பாட்டுங்க அது. தேக்கந்தோட்டம் பிரிவுக்கு முந்தி ஒரு இறக்கம் வரும். கியரை எடுத்துட்டா எஞ்சின் சத்தமே இருக்காது. பாட்டு நல்லாக் கேக்கும், அவ்வளவுதான்."

தாமரைச்செல்வி எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கம்பத்தின் ஓரமாக, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு மயிலாத்தாள் நின்றிருந்தார். வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழிந்த நாட்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. ஆனால் நீக்கியவற்றின் பட்டியலில் இன்னும் கிடந்த அந்தப் பாட்டை, வெறும் பாட்டாகத் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை. அதில் இப்போது முகம் இல்லை, பெயர் இல்லை, ஒரு நாள்கூட மாட்டியிருக்கவில்லை. அவள் காதுப் பித்தானுக்கு அனுப்பவில்லை. பலகைத்திரையின் ஒலியை முழுக்கக் கூட்டி, காற்றிலேயே ஓடவிட்டாள்.

முதலில் புல்லாங்குழல். பிறகு சொல் எதுவும் இல்லாத ஒரு நீண்ட முணுமுணுப்பு. ஏதோ பழைய படத்துப் பாட்டு, தாமரைச்செல்வி பிறப்பதற்கு முந்தியது.

கம்பத்தோரம் குடை அசைந்தது.

சென்னியப்பன் தலையை உயர்த்தினார். கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. காதில் எதுவும் ஓடவில்லை. இடது கை தானாக இறங்கி, இல்லாத ஒரு கியரைத் தேடியது. அவர் ரோட்டைப் பார்த்தார். கைப்பை, குடை, நீண்ட முகம். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். முணுமுணுப்பு முடிந்து சொற்கள் தொடங்கியபோது நடக்க ஆரம்பித்தார்.

ரோட்டின் இரு பக்கமும் பார்த்துத் தாண்டினார். நேராகப் போய், ஒரு எட்டு முன்னேயும் இல்லாமல் பின்னேயும் இல்லாமல், மயிலாத்தாள் நின்ற இடத்துக்கு எதிரே வந்து நின்றார். மயிலாத்தாள் குடையைச் சாய்க்கவும் மறந்து அவரையே பார்த்தார்.

சென்னியப்பன் கழுத்துவரை போட்டிருந்த பித்தானைச் சரிசெய்துகொண்டார்.

"அஞ்சு வருசமா உங்க ஸ்டாப்புக்குன்னுதானுங்க இந்தப் பாட்டப் போட்டுட்டு இருந்தேன். இன்னிக்காவது உங்க பேரச் சொல்லுவீங்களா?"